பாங்ஙா வளைகுடாக் குகைகள்: மதுரைச் சகோதரிக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: மே மாதம் இரண்டாம் வாரம், மகளின் பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு தாய்லாந்தின் ஃபூக்கெட்டுக்கு ஐந்து நாள் போகிறார்கள். கணவர், 9 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அப்பா. யாருக்கும் நீச்சல் தெரியாது. ஃபூக்கெட்டை ஒட்டிய பாங்ஙா வளைகுடாவில், கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் மல்லாந்து படுத்தபடி குகைக்குள் நுழைகிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஒரே நாளில் எந்தெந்தத் தீவுகளைப் பார்க்கலாம், இது பாதுகாப்பானதா?" என்று கேட்கிறார்.

கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். தீவுகளின் பட்டியல் உங்களுக்கு எங்கும் கிடைக்கும். அப்பாவையும் குழந்தையையும் அந்த இருட்டுக்குள் நம்பிக் கூட்டிப்போகலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. போகலாம். ஆனால் மூன்று விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்: மாதம், புறப்படும் நேரம், அப்பாவுக்கான குகை. காரணங்களை விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் அங்கே போய் நின்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

நான் மலேசியாவின் ஈப்போக்காரன். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவில் வளர்ந்து, நிலவியல் படித்து, பாறைச் சரிவுகள் எங்கே விழும், எங்கே நிற்கும் என்று பார்க்கிற வேலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். தாய்லாந்தின் பாங்ஙா, கிராபி கரைகளுக்கு வேலையாகவும் ஆசையாகவும் பலமுறை போயிருக்கிறேன். பாறையையும் தண்ணீரையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உடல்நலம் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் மருத்துவன் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையும் அந்தக் கடலின் மழைக்காலமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் அந்தக் கரைக்கு மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற டிசம்பரில் அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். மே இரண்டாம் வாரம் என்பது பருவம் மாறுகிற நேரம். சில ஆண்டுகளில் பத்து நாளும் வெயிலாகவே போய்விடும், சில ஆண்டுகளில் முதல் வாரத்திலேயே காற்று வந்துவிடும். வளைகுடாவின் உட்பகுதி மூன்று பக்கமும் நிலத்தால் அணைக்கப்பட்டது என்பதால், பாங்ஙாவில் மழையிலும் படகு ஓடுகிற நாட்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து வெளியே, பீ பீ தீவுகள் போன்ற திறந்த கடல் பயணங்களை நீச்சல் தெரியாத குடும்பம் மே மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் பயணத்தை ஏப்ரலுக்குள் முடியுங்கள், அல்லது அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். டிசம்பர் கடைசியில் கூட்டமும் விலையும் கூடுதல்தான், ஆனாலும் கடல் உங்கள் பக்கம் இருக்கும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேசுவரமும் தூத்துக்குடியும். அங்கே நீர் ஏறி இறங்குவது கண்ணில் பெரிதாகப் படாது. பாங்ஙாவில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் மணியில் சோம்பலாக ஏறும், மூன்றாவது நான்காவது மணிகளில் மொத்த ஏற்றத்தில் பாதியை ஏறி முடித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால், நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.2 மீட்டர். பத்து நிமிடத்துக்கு 10 சென்டிமீட்டர். கயாக்கில் மல்லாந்து படுத்திருக்கும் உங்கள் மூக்குக்கும் குகைக் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால், அந்தச் சாண் இருபதே நிமிடத்தில் காணாமல் போகும்.

ஆகவே அங்கே குகைகளுக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு, அவற்றை எழுதுவது நிலா. ஒவ்வொரு குகைவாயும் ஒவ்வொரு உயரத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் நேரம் தனி. நீர் அதிகம் இருந்தால் கூரை மூடிவிடும். மிகவும் வற்றினால் தரையில் சேறும் கூரான சிப்பியும் மட்டும் மிஞ்சும், கயாக் நகராது. நல்ல நிறுவனம் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்துக்குப் புறப்படும், ஓதத்தைப் பார்த்து அன்றைய குகைகளை மாற்றும். ஆண்டு முழுவதும் ஒரே நேரம், ஒரே வரிசை என்று அச்சடித்துக் கொடுப்பவர்கள் குகைக்குள் கூட்டிப்போவது குறைவு. பெரும்பாலும் வாசலைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாங்கள் வருகிற தேதியில் எந்தக் குகை எத்தனை மணிக்குத் திறக்கும்?" பதில் உடனே வந்தால் நம்பலாம். தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதை வைத்து நீங்களும் சரிபார்க்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு கோ பானாக் தீவுப் பக்கம் நண்பர்களோடு போயிருந்தேன். படகில் சாப்பாடு தாமதமாகி, குகைக்குள் நுழையும்போது நீர் ஏறத் தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. வழிகாட்டி இளம் பையன், எங்களை ஏமாற்றக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் கூட்டிப்போனான். உள்ளே கும்மிருட்டு. வௌவால் எச்சத்தின் காரமான வாடை. என் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள், ஒவ்வொன்றும் பிளேடு போல. நாங்கள் மறுபக்கம் போய் ஒரு கால்மணி நேரம் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், வந்த வழியில் நீருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. அலை வந்து முட்டும்போது 'குளுக்' என்று காற்று அடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டரை மணி நேரம் உள்ளேயே காத்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நாங்கள் இருந்தது வானம் திறந்த இடம். அப்படி உள்ளே மாட்டிக்கொள்வதில் உயிராபத்து கிடையாது. பதறிப்போய் மூடுகிற வாயில் தலையைக் கொடுத்து வெளியேற முயல்வதில்தான் இருக்கிறது. ஒரு அடையாளமும் சொல்கிறேன்: கூரையில் சிப்பி ஒட்டியிருந்தால், அந்த உயரம் வரை கடல் ஏறும் என்று அர்த்தம். சிப்பி பொய் சொல்லாது.

அந்த 'வானம் திறந்த இடம்' என்று சொன்னேனே, அதற்காகத்தான் இத்தனை பாடும். தாய்லாந்து மொழியில் 'ஹோங்' என்பார்கள், அறை என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் தீவு கடலிலிருந்து செங்குத்தாக எழுந்த ஒரே பாறை. குகை வழியே நுழைந்தால் உள்ளே கூரையில்லாத ஒரு மாபெரும் முற்றம். சுற்றிலும் நூறடிக்கு மேல் சுவர், சுவரில் தொங்கும் மரங்கள், நடுவில் அலையாத்தி மரங்கள் நிற்கும் பச்சைத் தண்ணீர். செட்டிநாட்டு வீட்டில் இருட்டான நடையைக் கடந்து முற்றத்துக்குள் வெளிச்சத்தில் கால் வைக்கிற அந்த நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் துள்ளும் மீன்கள் வேர்களின் மேல் ஏறி உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். ஒருவர் பேசினால் சுவர் திருப்பிச் சொல்லும். நான் போன எல்லா முறையும் அங்கே நுழைந்ததும் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இது எப்படி உண்டானது என்பதில் பெரும்பகுதி உறுதியாகத் தெரியும். கல் பெர்மியன் காலத்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் எலும்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பின்னர் நிலம் உயர்ந்தது, பிளவுகள் விழுந்தன. வளைகுடாவின் ஊடாக காலோங் மாருய் என்ற பெரிய பிளவு வடகிழக்கு-தென்மேற்காக ஓடுகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பிளவுகள் வழியே இறங்கிக் கல்லைக் கரைத்தது. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில் இது வேகமாக நடக்கும். பிளவுகள் அகன்று பள்ளத்தாக்குகளாக, நடுவில் கரையாமல் மிஞ்சியவை கோபுரங்களாக நின்றன. நாம் தீவு என்று சொல்வது அந்தக் கோபுரங்களின் மேல்பாதி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று பாங்ஙா வளைகுடா முழுவதும் உலர்ந்த சமவெளி, நடந்தே கடக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியதும் கோபுரங்கள் தீவுகளாயின, உள்ளே குழிந்து கூரை இடிந்த பள்ளங்கள் ஹோங்குகளாயின.

சந்தேகமுள்ள பகுதியும் இருக்கிறது. எல்லாத் தீவுகளின் அடியிலும், நீர்மட்டத்தில், கரண்டியால் வழித்தெடுத்தது போல ஒரு குடைவு தெரியும். "அலை அரித்தது" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்த அமைதியான வளைகுடாவில் அவ்வளவு பெரிய அலை கிடையாது. கல்லைத் துளைத்து வாழும் சிப்பிகளும் பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தை வகைகளும் கல்லையும் சேர்த்துச் சுரண்டுவது பெரிய காரணம் என்பது என் கருத்தும். நீரின் கரைப்பு எவ்வளவு, உயிர்களின் அரிப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே குரல் இல்லை. கவனித்துப் பார்த்தால் சில சுவர்களில் இன்றைய குடைவுக்கு மேலே, உங்கள் தலைக்கு வெகு உயரத்தில், இன்னொரு பழைய குடைவும் தெரியும். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக நின்றதன் தழும்பு அது. மகளுக்கு அதைக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் சொல்வதை அந்த ஒரு கோடு சொல்லிவிடும்.

அதேபோல "இந்தக் கல்விழுது நூறு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்" என்ற வாசகத்தை எல்லாக் குகையிலும் கேட்பீர்கள். அதை வாய்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொட்டும் நீரின் அளவு, அதிலுள்ள சுண்ணாம்பு, காற்றோட்டம் எல்லாவற்றையும் பொறுத்து வேகம் பல மடங்கு மாறும். தீவுகளின் வெளிச்சுவரில் மெழுகு உருகி வழிந்தது போலத் தொங்குபவை இன்னொரு வகை. பாசியும் பாசியினக் கிருமிகளும் வெளிச்சத்தை நோக்கி வளர்ந்து சுண்ணாம்பைப் பிடித்துவைப்பதால் உண்டானவை, உள்ளே பஞ்சு போல இருக்கும். அவற்றில் சில நேர்கீழாகத் தொங்காமல் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். எதையும் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் வளர்ச்சி கெட்டுவிடும்.

வழிகாட்டிகள் அதிகம் பேசாத ஆபத்து ஒன்று, என் தொழிலே அதுதான்: கல் விழுவது. என் ஊர் ஈப்போவில், 1973 அக்டோபரில், குனோங் செரோ குன்றிலிருந்து பெரும்பாறை ஒன்று பெயர்ந்து அடியிலிருந்த வீடுகள்மேல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அந்தக் குன்றை ஒட்டித்தான் எங்கள் கல்லுமலை முருகன் கோயிலும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பார்க்க இறுகியிருக்கும், விழுவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாது. பயணிமேல் விழும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் முன்துருத்திய பாறைக்கு அடியில் நிழலுக்காக உட்கார்ந்து சாப்பிடுவது, படகைக் கட்டிக் காத்திருப்பது இரண்டும் வேண்டாம், முக்கியமாகக் கனமழைக்குப் பிறகு. கடந்து போங்கள், தங்காதீர்கள்.

இன்னொன்று, கடற்குகையையும் நிலத்துக்குள் இருக்கும் ஆற்றுக்குகையையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கடற்குகையில் நீர் எப்போது ஏறும் என்பதற்கு அட்டவணை உண்டு. ஆற்றுக்குகையில் எங்கோ மலையில் பெய்த மழை முன்னறிவிப்பின்றி வந்து நிரப்பும். 2018-ல் வட தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் ஜூன் 23 முதல் ஜூலை 10 வரை சிக்கியிருந்தது உலகம் அறியும். தெற்கிலேயே காவ் சோக் காட்டுக்குகை ஒன்றில் 2007-ல் திடீர் வெள்ளம் பயணிகளையும் வழிகாட்டிகளையும் பலிகொண்டது. மழைக்காலத்தில் யாராவது "பக்கத்தில் ஒரு நல்ல குகை இருக்கிறது, ஆறு ஓடும்" என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். வளைகுடாவின் உட்பகுதி 1981 முதல் தேசியப் பூங்கா, சுமார் 400 சதுர கிலோமீட்டர், 42 தீவுகள். ஐந்தாறு தீவுகளை ஒரு நாளில் அடைக்கும் வேகப்படகுப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு ஹோங், படகிலேயே ஊடாகப் போகும் ஒரு குகை, ஒரு ஊர் போதும். 'ஜேம்ஸ் பாண்ட் தீவு' என்று விற்கப்படும் இடத்தை எல்லோரும் கேட்பார்கள். 1974-ல் வந்த படத்தால் அந்தப் பெயர். நீரில் தனியே நிற்கும் 20 மீட்டர் உயரத் தூணின் சொந்தப் பெயர் கோ தாப்பூ, ஆணித் தீவு. அடி மெலிந்து மேல் பருத்திருப்பதால் 1998 முதல் படகுகள் அதை நெருங்கத் தடை. கூட்டம் அதைப் படம் எடுக்கும்போது நீங்கள் திரும்பி, கரையில் சாய்ந்து நிற்கும் வழுவழுப்பான சுவரைப் பாருங்கள். காவ் பிங் கான் என்றால் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த மலைகள். மலை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதி மற்றதன்மேல் வழுக்கிச் சாய்ந்த முகம் அது. எனக்குத் தூணைவிட அந்தச் சுவர்தான் பிடிக்கும். பக்கத்தில் கோ பன்யீ, கால்நட்ட வீடுகளில் நீரின் மேல் வாழும் முஸ்லிம் மீனவர் ஊர். ஜாவாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் சொல்வார்கள். மதியச் சாப்பாடு அங்கே வைத்துக்கொள்ளலாம், உடையில் மரியாதை காட்டுங்கள்.

போகும் வழியில் காவ் கியன் என்ற பாறையில் சிவப்பும் கறுப்புமாக மனிதர்கள், மீன்கள் வரைந்த பழைய ஓவியங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். அவற்றுக்குச் சொல்லப்படும் வயதை உத்தேசம் என்றே கொள்ளுங்கள், இரும்புக்காவி நிறத்தில் நேரடியாக அளக்கக் கரிமம் இருக்காது. அதே கரையில் மனிதர் வாழ்ந்த காலத்துக்கு உறுதியான சான்று வேறிடத்தில் உண்டு. கிராபியில் லாங் ரோங்ரியன் பாறைக்குகையில் அடுப்புக்கரி கிடைத்து, 37,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆட்கள் தங்கியது தெரியவந்தது.

நமக்கென்று ஒரு செய்தியும் இருக்கிறது. கிராபியிலிருந்து தெற்கே குளோங் தோம் என்ற இடத்தில் தங்கம் உரசிப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் கருத்து. ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தன் உரைகல்லில் பேர் எழுதிக்கொண்டு இந்தத் தீவுகளைக் கடந்து வந்திருக்கலாம். பாங்ஙா மாகாணத்தின் தக்குவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதற்குக் காவலாக மணிக்கிராமத்து வணிகர்களையும் சொல்கிறது. அப்பாவுக்குக் கல்வெட்டில் ஆர்வம் இருந்தால், ஒரு நாளைக் குறைத்துக் குளோங் தோம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள்.

இனி உங்கள் நால்வரும். நீச்சல் தெரியாதது தடையில்லை. ஹோங்குக்குப் போகும் கயாக்கில் துடுப்பு போடுவது பின்னால் அமர்ந்த வழிகாட்டிதான், நீங்கள் உட்கார்ந்து, சொன்னபோது படுத்தால் போதும். ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் குழந்தையின் அளவுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் காதுவரை வரக்கூடாது. மகளை உங்களோடு ஒரே கயாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பயந்தால் எழுந்து உட்காரக்கூடாது என்று கரையிலேயே படுத்துக் காட்டிப் பழக்குங்கள். கை விளிம்புக்கு வெளியே போகவே கூடாது, சிப்பி கிழித்த காயம் அந்த வெப்பத்தில் சீக்கிரம் சீழ்வைக்கும். வௌவால் எச்சம் உலர்ந்து தூசியாகக் கிடக்கும் குகைகளில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். ஓதம் கழுவும் ஈரக்குகையில் அந்தக் கவலை குறைவு. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை யாராவது எடுத்துக்கொண்டால் புறப்படும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்பாவுக்குக் கயாக் வேண்டாம் என்றே சொல்வேன். குகை அவருக்குக் கஷ்டமாக இருக்காது. பெரிய படகிலிருந்து ஏணியில் இறங்கி, ஆடுகிற ரப்பர்க் கயாக்கில் கால் மடித்து உட்கார்ந்து, பிறகு படுத்து எழுவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். அவருக்காகத் தாம் லோட் இருக்கிறது: ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் குகை, நீள்வால் படகு (நீண்ட தண்டில் மோட்டார் பொருத்திய அந்த ஊர்ப் படகு) அப்படியே ஊடாகப் போகும், அவர் பலகையில் உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் கல்விழுதுகள் கடந்து போவதைப் பார்க்கலாம். பாங்ஙா ஊர்ப் பக்கத் துறையில் நீள்வால் படகு ஒன்றை உங்களுக்கு மட்டும் பேசிக்கொண்டால், முதலில் எல்லோரும் தாம் லோட், பிறகு நீங்கள் மூவரும் ஹோங்கில் இருக்கிற ஒரு மணி நேரம் அவர் பன்யீயில் தேநீரோடு இருக்கட்டும். படகில் ஏறும் துறையில் படிகள் வற்றத்தின்போது பாசி பிடித்து வழுக்கும், அங்கே மட்டும் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த நாளின் ஓதத்தைப் பார்த்து எத்தனை மணிக்குப் படகேற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.